தாமிரபரணிக் கரைச் சபைகள் – 17
ஐயரை விட்டார்கள், ஆண்டவரை விடவில்லை

நாசரேத்திலிருந்து மூக்குப்பீறிக்கு நடந்தே போய்விடலாம். பக்கத்திலேயே பிரகாசபுரம். ஆற்றுப் பாசனத்தின் பச்சை பின்தங்கி, பனங்காடும் தேரிச் செம்மண்ணும் தொடங்குகிற பகுதி இது. 1857 என்றதும் நமக்கு மீரட்டும் டெல்லியும்தான் நினைவுக்கு வரும். அதே ஆண்டு இந்தப் பனங்காட்டிலும் ஒரு கலகம் நடந்தது. துப்பாக்கி வெடிக்கவில்லை, யாரும் சாகவில்லை. ஞானஸ்நானம் பெற்று, வேதம் வாசிக்கக் கற்று, ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய்வந்த ஒரு கூட்டம் தங்கள் மிஷனரி ஐயரின் அதிகாரத்தை விட்டு வெளியேறிப் பிரகாசபுரத்தில் தனிச் சபை கூடியது. அவ்வளவுதான் செய்தி. ஆனால் திருநெல்வேலிச் சபை வரலாற்றில் இதைவிடப் பெரிய கேள்வி எழுந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மிஷன் வழக்கில் சபையை விட்டுப் போனவர்களுக்குப் 'பின்வாங்கினவர்கள்' என்று பெயர். பழைய தெய்வத்துக்குத் திரும்பியவர்கள், கொடைக்கு வரி கொடுத்தவர்கள், பொங்கலிட்டவர்கள் எல்லாரும் அந்தக் கணக்கில் வருவார்கள். பிரகாசபுரத்துக்காரர்களை அந்தக் கணக்கில் எழுத முடியவில்லை. அவர்கள் வேதப் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. முன்னைவிட இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். விட்டது ஐயரை மட்டும்தான். அப்படியானால் ஐயரின் அதிகாரம் எதுவரை செல்லும்? ஒரு விசுவாசியின் வயலுக்குள், கல்யாணத்துக்குள், குலப்பெயருக்குள், மனச்சாட்சிக்குள் அவர் எவ்வளவு தூரம் நுழையலாம்?

போன இதழில் ரேனியஸ் ஐயரின் கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். அதை முடித்துவிட்டுத்தான் பிரகாசபுரத்துக்குப் போக வேண்டும். 1820இல் சி.எம்.எஸ். மிஷனரியாகப் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் 15 ஆண்டுகளில் ஊர் ஊராகச் சபைகளை எழுப்பினார். மதம் மாறியதால் வீட்டையும் நிலத்தையும் இழந்தவர்களைக் குடிவைக்க நிலம் வாங்குவதற்கென்று 1830இல் தர்ம சங்கம் தொடங்கியது. அடித்து விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு அது உண்மையான அடைக்கலம். அந்த நன்றியை நாம் மறக்கக் கூடாது. ஆனால் ஒரு மனிதன் குடியிருக்கும் மனையும் அவன் கும்பிடும் கோயிலும் ஒரே நிர்வாகத்தின் கைக்குள் வரும்போது, கோயிலில் சொல்லும் 'ஆமென்' முழுமனதோடு வருகிறதா, மனையை நினைத்து வருகிறதா என்று அவனுக்கே தெரியாமல் போகும்.

ரேனியஸுக்கும் சி.எம்.எஸ். சங்கத்துக்கும் வந்த சண்டை உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதைப் பற்றியது. லுத்தரன் மரபில் வந்த ரேனியஸ், மூப்பர்களாகிய குருமார் கூடிப் பட்டம் கொடுத்தால் போதும் என்றார். ஆங்கிலச் சபை முறைப்படி பேராயர் கைவைத்தால்தான் பட்டம் என்றது சங்கம். ஆங்கிலச் சபையைப் பற்றி ஹார்ப்பர் எழுதிய நூலுக்கு 1834இல் அவர் கடுமையான மறுப்புரை வெளியிட்டார். 1835இல் சங்கம் அவரை விலக்கியது. ஐயர் ஆற்காட்டுப் பக்கம் போனார். பாளையங்கோட்டைக்குப் பெட்டிட் ஐயர் பொறுப்பேற்க வந்தார்.

இதுவரை நடந்தது வெள்ளைக்காரர்களுக்குள் நடந்த வழக்கு. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாக எண்ணுகிறேன். உபதேசியார்களும் சபையாரும் ரேனியஸைத் திரும்பி வரும்படி வேண்டி எழுதினார்கள். சில மாதங்களில் அவரும் திரும்பி வந்தார். ஊருக்கு ஊர் சபை இரண்டாகப் பிரிந்தது. 1826இல் அவர் கட்டிய ஊசிக்கோபுரக் கோயில் சங்கத்தின் வசம் இருந்தது. அதைக் கட்டியவரோ வேறிடத்தில் ஆராதனை நடத்தினார். 1838 ஜூன் 5ஆம் தேதி பாளையங்கோட்டையிலேயே அவர் இறந்தார். அதன்பின் சில ஆண்டுகளில் பெரும்பாலான சபைகள் சி.எம்.எஸ். பக்கமே திரும்பிவிட்டன. ஆனால் ஒன்றை மக்கள் தெரிந்துகொண்டுவிட்டார்கள். சங்கம் ஒருவரை 'இவர் உங்கள் மேய்ப்பர்' என்று அனுப்பினால் மட்டும் அவர் மேய்ப்பராகிவிடுவதில்லை. ஆடுகள் அவருடைய குரலை ஏற்க வேண்டும்.

இந்தப் பாடம் இம்மண்ணுக்குப் புதிதும் அல்ல. இத்தொடரின் தொடக்கத்தில் பார்த்த குளோரிந்தா அம்மையாரை நினைவில் வைத்திருப்பீர்கள். மராத்தியப் பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி லிட்டில்டனோடு வாழ்ந்தபடியே தஞ்சாவூரில் ஞானஸ்நானம் கேட்டார். அந்த உறவைக் காட்டிச் சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். மறுக்க ஐயருக்கு உரிமை இருந்தது. அந்த மறுப்பால் அம்மையாரின் விசுவாசம் மட்டும் நின்றுவிடவில்லை. பாளையங்கோட்டைக்கு வந்து, தனக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லிக்கொண்டேயிருந்தார். லிட்டில்டன் இறந்தபின், 1778இல், அதே சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்து அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் எழுதிய சபைப் பதிவில் 40 பேர்; அதில் முதல் பெயர் குளோரிந்தா. தண்ணீரைத் தள்ளிப்போட ஐயரால் முடிந்தது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

இனி நாசரேத்துக்கு வருவோம்.

சாண்பத்து என்று வழங்கிய சிற்றூர்தான் நாசரேத் ஆனது. எஸ்.பி.ஜி. சங்கத்தின் பெரிய மிஷன் தலம். 1840களில் அங்கே இருந்தவர் கேமரர் ஐயர். அந்தக் காலத்து மிஷன் பங்களாவை இன்றைய குருமனையோடு ஒப்பிடக் கூடாது. பள்ளிக்கூடம் பங்களாவுக்குக் கீழே. உபதேசியாரின் சம்பளம் பங்களாவிலிருந்து. ஜமீன்தாரோ மிராசுதாரோ தொல்லை கொடுத்தால் கலெக்டருக்குப் போகும் மனு பங்களாவில் எழுதப்படும். 1840களில் விபூதி சங்கத்தார் கிறிஸ்தவ ஊர்களைத் தாக்கியபோது பனங்காட்டு மக்கள் ஓடி நின்றது பங்களா வாசலில்தான். காத்தவர் கைக்கு அதிகாரம் தானாக வந்து சேர்ந்தது. யார் கோயிலுக்கு வந்தார், யார் வரவில்லை என்ற பேரேடு உபதேசியாரிடம். பேரேட்டைப் பார்க்கிறவர் ஐயர். ஒழுங்கு தவறியவருக்குத் திருவிருந்து நிறுத்தம். அதற்கும் மிஞ்சினால் சபை நீக்கம்.

எளிய மனிதன்மேல் இது எப்படி இறங்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பனை ஏறுகிறவர் பாளையைக் காலையிலும் மாலையிலும் சீவியாக வேண்டும். இடுப்பில் அருவாப்பெட்டி, அதில் பாளை அரிவாள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு. பருவம் சில மாதம்தான். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளையின் வாய் காய்ந்து சுரப்பு நிற்கத் தொடங்கும். பதனீர் இல்லையென்றால் அடுப்பில் கருப்பட்டி இல்லை. கருப்பட்டி இல்லையென்றால் கடைக்காரனிடம் அரிசி இல்லை. இந்த மனிதனிடம் போய் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது பாவம் என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? மாதச் சம்பளம் ஞாயிற்றுக்கிழமைக்காக நிற்காது. பாளை நின்றுவிடும். வெளியூரிலிருந்து வந்த ஒழுங்கு, உள்ளூர் வயிற்றைக் கேட்காமல் வந்து உட்கார்ந்த இடம் இது. பனங்காட்டுச் சபைகளின் கதையை எழுதுகிற எவரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

கேமரரின் கீழே ஒரு கெட்டிக்கார இளைஞர் இருந்தார். பெயர் அருமைநாயகம், பிறந்தது 1823. பள்ளியில் வகித்த பொறுப்பால் சட்டாம்பிள்ளை என்ற பெயர் வந்து, இயற்பெயரையே மறைத்துவிட்டது. ஆங்கிலம் படித்தவர், வேதத்தில் தேர்ந்தவர், உபதேசியாராகவும் இருந்தவர். ஐயருக்கும் அவருக்கும் மோதல் வந்து முற்றியது. ஐயர் அவரை வேலையிலிருந்து நீக்கினார்.

அன்றைய உபதேசியாருக்கு வேலை போனால் சம்பளம் மட்டுமா போகும்? ஊரில் இருந்த மரியாதை, பிரசங்கிக்கும் இடம், சபையில் பேசும் உரிமை எல்லாம் ஒரே நாளில் போகும். மேல்முறையீடு செய்தாலும் கேட்கப்போவது இன்னொரு ஐயர்தான். மேய்ப்பரே முதலாளியாகவும் நீதிபதியாகவும் இருந்த ஏற்பாடு அது. கேமரர் நல்லவரா கெட்டவரா என்று நான் இங்கே விசாரிக்கவில்லை. எவ்வளவு நல்லவர் கையிலும் இந்த மூன்றும் சேர்ந்தால் அது தவறான ஏற்பாடுதான்.

இந்த நேரத்தில் ஒரு புத்தகம் சட்டாம்பிள்ளையின் கைக்கு வந்தது. 1849இல் சென்னையில் அச்சான, திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றிய ஆங்கில நூல். எழுதியவர் இடையன்குடி கால்டுவெல் ஐயர். இங்கிலாந்தில் மிஷனுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் படிப்பதற்காக எழுதியது. அதில் அந்த மக்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றும், பேய் வழிபாட்டுக்காரர்கள் என்றும், அறிவில் பின்தங்கியவர்கள் என்றும் சித்திரிக்கப்பட்டிருந்தார்கள். ஆங்கிலம் தெரியாத சபையாருக்குத் தங்களைப் பற்றித் தங்கள் ஐயரே இப்படி எழுதியிருப்பது தெரியாது. சட்டாம்பிள்ளை அதைத் தமிழில் எடுத்துச் சொன்னார்.

1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த அதே கால்டுவெல்தான் இவர். அந்த நூலுக்காகத் தமிழர் அவரைத் தலைமேல் வைத்திருக்கிறோம், வைத்திருக்க வேண்டும். அதற்காக 1849ஐ மூடி மறைக்க வேண்டியதில்லை. பின்னாளில் அவரே அந்த நூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார். ஆனால் படித்துச் சொல்லப்பட்டது படித்துச் சொல்லப்பட்டதுதான். ஒரு மேய்ப்பர் என் பாவத்தைக் கண்டிக்கலாம். அது அவர் வேலை. என் பாட்டன் யார், என் இனம் எது, என் மூளை எவ்வளவு என்று தீர்ப்பெழுத அவருக்கு வேதத்தில் எந்த அதிகாரமும் இல்லை. பிரகாசபுரத்து மக்கள் கோடு கிழித்தது இந்த இடத்தில்.

1857இல் தனிச் சபை அமைந்தது. இந்துக் கிறிஸ்தவ சபை என்று ஆங்கில ஏடுகள் குறித்தன; ஏக இரட்சகர் சபை என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள்; ஊரார் வாயில் 'சட்டாம்பிள்ளை வேதம்'. ஐரோப்பாவிலிருந்து வந்ததாகத் தோன்றிய ஒவ்வொன்றையும் எடுத்து, இது வேதத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லையென்றால் தள்ளினார்கள். ஓய்வுநாள் சனிக்கிழமை என்று வேதம் சொல்கிறது, ஆகவே சனிக்கிழமை. குழந்தை ஞானஸ்நானத்தைக் காணோம், ஆகவே வேண்டாம். பட்டம் பெற்ற குருமார் வகுப்பும் வேண்டாம். திருவிருந்தில் புளித்த மதுவுக்குப் பதில் புளிக்காத திராட்சைச் சாறு. பழைய ஏற்பாட்டில் தூபம் உண்டு, ஆகவே சாம்பிராணி. தரையில் அமர்ந்து, விழுந்து வணங்கி, நம் வீட்டுப் பெரியவர்கள் கும்பிட்ட முறையிலேயே கும்பிட்டார்கள். எபிரேயரின் ஆசாரங்களுக்கும் தமிழரின் ஆசாரங்களுக்கும் இடையே அவர்கள் கண்ட ஒற்றுமை, ஐரோப்பிய ஆசாரத்தில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதில் எனக்கு மிகவும் பெரிதாகப் படுவது மிஷன் பணத்தை விட்டதுதான். வெளிநாட்டுச் சங்கத்தின் காசு வேண்டாம் என்று சொன்ன நாளில் பங்களாவின் கையில் இருந்த கயிறு அறுந்துவிட்டது. கண்டிக்கலாம், வருந்தலாம், எதிர்த்துப் பிரசங்கிக்கலாம். சம்பளத்தை நிறுத்த முடியாது. ஏனென்றால் சம்பளமே இல்லை. பல ஆண்டுகள் கழித்து, 1886இல், சென்னையில் டாக்டர் பரணி ஆண்டி தேசிய சபை தொடங்கியபோது பட்டணத்துப் படித்தவர்கள் பேசிய சுதேசித் திருச்சபை, அதற்கு முன்பே பனங்காட்டில் நடைமுறைக்கு வந்துவிட்டிருந்தது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். சட்டாம்பிள்ளையின் மறுப்பில் சுயமரியாதையோடு சாதிப் பெருமையும் கலந்திருந்தது. தாங்கள் சத்திரியர் என்ற வாதத்தை அந்த இயக்கம் ஓங்கிப் பேசியது. இழித்துரைக்கப்பட்டவன் 'நான் இழிந்தவன் அல்ல' என்று சொல்வது நியாயம். 'நான் இன்னொருவனைவிட உயர்ந்தவன்' என்று தொடர்வது நியாயம் அல்ல. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன என்பது நம் சமூகத்தின் துயரம்.

இதனால்தான் ஐயரின் அதிகாரம் எப்போதுமே தவறு என்று எழுத என் கை வரவில்லை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி பார்க்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஒரே கோயிலில் பிரிந்து உட்காருவதும், திருவிருந்துக்கு முன்பின் பார்ப்பதும் கூடாது என்றார். தஞ்சாவூரில் பலர் கொதித்துச் சபையை விட்டு விலகினார்கள். திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியாரும் இந்தச் சண்டையில் மிஷனரிகளுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். அவர்களும் 'எங்கள் வழக்கத்தில் தலையிட ஐயருக்கு என்ன உரிமை' என்றுதான் கேட்டார்கள். வார்த்தை அதேதான், பொருள் வேறு. திருவிருந்து மேசையில் எல்லாரையும் ஒன்றாக நிறுத்துவது மேய்ப்பரின் வேலையே. அந்த மேசை அவர் பொறுப்பில் இருக்கிறது. அங்கே அவர் விட்டுக்கொடுத்திருந்தால்தான் குற்றம். மேசையை விட்டு வெளியே வந்து, விசுவாசியின் பிழைப்பையும் குலத்தையும் மனச்சாட்சியையும் தன் பேரேட்டில் எழுதத் தொடங்கும்போதுதான் அதிகாரம் எல்லை மீறுகிறது.

இரு தரப்புக்கும் வேதத்திலிருந்தே வசனம் கிடைத்தது என்பதையும் மறக்க வேண்டாம். நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது. மந்தையை அதிகாரம் பண்ணி ஆளாதீர்கள் என்ற பொருளில் பேதுரு மூப்பர்களுக்கு எழுதுகிறார். பவுல் சொன்னதையே வேதத்தில் தேடிச் சரிபார்த்த பெரோயா ஊராரை அப்போஸ்தலர் நடபடிகள் புகழ்கிறது. ஊர்தோறும் பள்ளிக்கூடம் வைத்துப் பனையேறியின் பிள்ளைக்கும் எழுத்தறிவித்தவர்கள் மிஷனரிகள். அப்படி எழுத்தறிந்த பிள்ளை, முதல் வசனத்தோடு நிறுத்தாமல் அடுத்த இரண்டையும் வாசித்தான். மிஷனின் மிகப் பெரிய வெற்றி அதுவே. அந்த வெற்றியை அன்றைய ஐயர்கள் கலகம் என்று பார்த்தது வருத்தம் தருகிறது.

அதிகாரம் கைமாறியது வேறு கதை. 1877இல் கால்டுவெல்லும் சார்ஜென்டும் பேராயர்களானார்கள். 1896இல் திருநெல்வேலி தனித் திருமண்டலம் ஆயிற்று. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை. பங்களாவில் இருந்த அதிகாரம் சேகரத்துக்கும் திருமண்டல அலுவலகத்துக்கும் வந்தது. ஐயர் நம்மவரானார். ஆனால் நம்மவர் என்பதால் எல்லை தானாக வந்துவிடவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பக்கத்து ஊரில் ஒரு முதியவர் இறந்தார். சங்கக் காணிக்கை பாக்கி என்று சொல்லி, கல்லறைத் தோட்டச் சாவியைக் கொடுக்கப் பிற்பகல்வரை தாமதித்தார்கள். பிரேதம் வாசலில் பெஞ்சின்மேல் இருந்தது. மூத்த மகள் தன் வளையலைக் கழற்றி ஒரு தட்டில் வைத்தார். யாரும் அதை எடுக்கவில்லை. சற்று நேரத்தில் சாவி வந்தது. அந்தத் தட்டும் வளையலும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. இந்தத் தொடரை நான் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1918இல் இறந்தார். 1849இன் புத்தகமும் கேமரர் கொடுத்த வேலைநீக்கமும் அவரை ஒரு சபை நிறுவுநராக்கின. அவரோடு போனவர்களில் சிலர் காலப்போக்கில் பழைய சபைக்குத் திரும்பினார்கள்; மற்றவர்கள் நின்றார்கள்.

அடுத்த இதழில் உக்கிரன்கோட்டையில் பிறந்து, ரேனியஸிடம் படித்து, எந்தச் சங்கத்தின் சம்பளமும் வாங்காமல் கிறிஸ்தியான்பேட்டையை உருவாக்கிய அருளப்பனையும், 1860இல் அங்கே தொடங்கிய எழுப்புதலையும் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். நாசரேத், மூக்குப்பீறி, பிரகாசபுரம் பக்கத்து வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துச் சபை நோட்டோ, உபதேசியாரின் நாட்குறிப்போ, கல்யாண ஓலையோ, மனுவின் நகலோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஐயர்கள் எழுதிய கடிதங்கள் இங்கிலாந்தில் பத்திரமாக இருக்கின்றன. ஐயர்களுக்குப் பதில் சொன்னவர்களின் எழுத்து உங்கள் பரணில்தான் இருக்கிறது. ஒரு நகல் எடுத்து இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள்.